மூட்டு வைத்த காளை

காகிதத்தில் செய்த உருவம் எதுவானாலும் முதலில் போவது மூட்டுதான். உடம்பு பல வருடம் தாங்கும். தலை ஆடுவதற்காகப் போட்ட துளையோ கொஞ்ச நாளில் அகன்று, நீள்வட்டமாகி, தலை ஒரு பக்கம் தொங்கிவிடும். இரண்டு காரணங்கள். கம்பி காகித நாரை நேராகத் தேய்க்கிறது. அதோடு, அந்தத் துளை சுமக்கத் தேவையில்லாத எடையையும் நாம் அதன் மேல் ஏற்றிவிடுகிறோம். தேய்மானத்தை வேறொரு பொருள் ஏற்க வேண்டும்; எடை மூட்டின் வழியாகத் தரைக்கு இறங்கக் கூடாது. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டுக்காகத்தான்.

செய்யப்போவது ஜல்லிக்கட்டுக் காளை. உடம்பு 20 செ.மீ. நீளம், திமில் உச்சி வரை 18 செ.மீ. உயரம். தலை மேலும் கீழும் ஆடும், முன்னங்கால் ஒன்று மண்ணைக் கிளறும், வால் வீசும். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்று வாடிவாசல் பார்த்து வளர்ந்த ஊரில் காளை எப்படி இருக்கும் என்று யாருக்கும் வரைந்து காட்ட வேண்டியதில்லை. ஆனால் செய்கிறவர் கண்ணோடு ஒரு முறை பாருங்கள். நாம் செய்யும் புலிக்குளம் இனக் காளையின் கனமெல்லாம் முன்பக்கம். திமில், தடித்த கழுத்து, கொம்பு, தொங்கும் அலைதாடி என எல்லாம் முன்னங்கால்களுக்கு மேலேயும் முன்னேயும் இருக்கின்றன. பின்பக்கம் ஒடுங்கிப் போகிறது. அசையும் உருவத்துக்கு இதைவிடக் கடினமான எடைப் பங்கீடு கிடைக்காது. இதைச் செய்து முடித்தவருக்கு யானையோ குதிரையோ சிரமமாக இருக்காது.

ஆரம்பிப்பதற்கு முன் நம் பக்கத்து இரண்டு கைவினைகளைக் கவனிப்பது நல்லது. ஒன்று, 2008-09இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் பொம்மை. அதில் இரண்டு வகை உண்டு. அடிப்பாகம் கனமாகவும் உருண்டையாகவும் இருப்பதால் எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும் ராஜா ராணி ஒரு வகை. தலையும் உடலும் பாவாடையும் தனித்தனியே ஆடும் காகிதக்கூழ் நடனப் பொம்மை இன்னொரு வகை. நடனப் பொம்மையில் ஒவ்வொரு பாகமும் கீழ்ப்பாகத்திலிருந்து எழும் கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கும். உட்காரும் இடம் மேலே. பாகத்தின் எடையோ பெரும்பாலும் அதற்குக் கீழே. அதனால்தான் விரலால் தொட்டாலே ஆடி, மறுபடி நேராக நிற்கிறது. பிடித்து வைக்கும் திருகு, ஆணி எதுவும் இல்லை. எடை இருக்கும் இடமே அதை நிறுத்துகிறது. நம் காளையின் தலைக்கு எடுத்துக்கொள்ளப்போவது இந்தப் பாடத்தைத்தான்.

இரண்டாவது தோல்பாவை. மராட்டியர் காலத்தில் தஞ்சைக்கு வந்து, பிறகு மதுரை, குமரி என்று தெற்கே பரவிய குடும்பங்களின் கலை அது. ஆட்டுத்தோலில் வெட்டிய கையும் காலும் நூல் முடிச்சால் கோக்கப்பட்டிருக்கும். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் போன்ற கோமாளிப் பாவைகள் ஆடும்போது கைகால்கள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிச்சு எவ்வளவு உழைக்கிறது என்று தெரியும். அந்த முடிச்சை இறுக்கிப் போடுவதில்லை. இரண்டு தோலுக்கும் நடுவே நூல் கொஞ்சம் தளர்ந்திருக்கும். இறுக்கினால் அசையாது, இழுத்தால் கிழியும். தட்டையான அட்டைப் பாவை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல மூட்டு இல்லை. காளை முழு உருவம் என்பதால் நமக்கு அச்சுக்கம்பி தேவைப்படுகிறது.

அட்டையும் ஓட்டமும்

கடையில் போய் விலை உயர்ந்த அட்டை கேட்க வேண்டாம். சிவகாசியில் அச்சான தினக்காலண்டர் மாட்டாத வீடு நம் பக்கம் அபூர்வம். தாள் முழுக்கக் கிழிந்து முடிந்ததும் மிஞ்சும் அட்டைதான் நம் காளையின் எலும்பு. ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் கனம், நன்றாக அழுத்தப்பட்டது, காசில்லாமல் கிடைப்பது. மார்கழி முடியும்போது அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தால் பொங்கலுக்குள் ஒரு கட்டு சேர்ந்துவிடும். தகரப் பட்டையையும் ஆணியையும் பிடுங்கிவிட்டு, மேலே ஒட்டிய சாமி படத்தின் வழவழப்பான பரப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். அந்தப் பரப்பில் பசை பிடிக்காது. காலண்டர் அட்டை போதவில்லை என்றால் புத்தக பைண்டிங் கடையில் அதே கனத்தில் அட்டை கிடைக்கும்.

நெளி அட்டையை, அதாவது டிவி, ஃபிரிட்ஜ் வரும் பெட்டி அட்டையை, எலும்புக்குப் பயன்படுத்தாதீர்கள். பார்க்கத் தடிமனாக இருக்கும். துளை போட்ட இடத்தில் நசுங்கிவிடும்.

காகிதத்துக்கு ஓட்டம் உண்டு. ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படிகின்றன. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். அட்டையில் கண்டுபிடிக்க, ஒரு சதுரத் துண்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் வளைய மறுக்கிறதோ அந்தத் திசையில்தான் நார் நீளவாக்கில் ஓடுகிறது. மெல்லிய தாளாக இருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் ஈரப்படுத்துங்கள். நார் நீளத்தைவிட அகலத்தில்தான் அதிகம் உப்பும் என்பதால் தாள் சுருளும். அந்தச் சுருளின் நீளவாக்குதான் ஓட்டம்.

காளையின் கால்களில் ஓட்டம் மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். கழுத்துச் சட்டத்தில் நீளவாக்கில் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வெட்டிய கால், பசையின் ஈரம் பட்டதுமே முழங்காலில் மடங்கும். மூன்று அட்டைகளை ஒட்டி ஒரு கால் செய்யும்போது வெளி இரண்டுக்கும் ஓட்டம் நெடுக்கில், நடு அட்டைக்குக் குறுக்கில் என்று வையுங்கள். ஒட்டியதும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு இருக்கட்டும். ஐந்தாறு மில்லிமீட்டர் கனத்தில் கிடைக்கும் அந்தத் தகடு மெல்லிய பலகைக்கு நிகரானது.

பசை

அட்டையோடு அட்டை ஒட்ட ஃபெவிகால். மேல்தோலுக்கு மைதாப் பசை. ஒரு பங்கு மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு தண்ணீர் ஆகும்படி சேர்த்து, கிண்டிக்கொண்டே காய்ச்சுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல ஆகும்போது இறக்கிவிடலாம். பைண்டிங் வேலை செய்கிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். நல்ல வழிதான், ஆனால் துத்தம் விஷம். சமையல் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தை அது அரித்தும்விடும். பசை ஆறிய பிறகு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி, அரைத் தேக்கரண்டித் துத்தத்தை வெந்நீரில் கரைத்துச் சேருங்கள். சின்னப் பிள்ளைகள் கூட உட்கார்ந்து செய்வதானால் துத்தமே வேண்டாம். முழு வேலையையும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் முடித்துவிடுங்கள், செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

எலும்புக்கூடு

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகடுகள் வெட்டுங்கள். முதுகு, திமில், வயிறு, பின்னங்கால் எல்லாம் சேர்ந்த பக்கவாட்டு உருவம் அது. வலப்பக்கத் தகட்டில் முன்னங்காலும் சேர்ந்தே வரும். இடப்பக்கத் தகட்டில் முன்னங்கால் கிடையாது. அது தனியாகச் செய்து மாட்டப்போகிற கால். நிற்கும் மூன்று கால்களும் தகட்டோடு ஒரே துண்டாக இருப்பதால் காளையின் எடை எந்த மூட்டையும் தொடாமல் தரைக்குப் போகிறது. எல்லாக் கால்களையும் ஆட வைக்க வேண்டும் என்று ஆசை வரும். ஆசைப்பட்டுச் செய்தால் அந்தக் காளை நிற்காது.

இரண்டு தகடுகளுக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி விட்டு, தோள் பக்கம் ஒன்று, இடுப்புப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று என்று குறுக்குத் துண்டுகளை ஒட்டுங்கள். தோள் பக்கத்துத் துண்டிலும் நடுத்துண்டிலும் கழுத்துச் சட்டம் போய்வர நெடுக்கு வாக்கில் இடம் விட வேண்டும். வயிற்றடியில் நான்கு விரல் அகலத்துக்குத் திறப்பு விட்டு வையுங்கள். கடைசியில் அதற்கு ஒரு கதவு வரும். உள்ளே கை போக வழியில்லாத காளையை யாராலும் சரிபண்ண முடியாது.

குழல்

இப்போது அத்தியாயத்தின் உயிரான வேலை. அச்சுக்கு சைக்கிள் ஸ்போக் கம்பி. சைக்கிள் கடையில் கழித்துப் போட்டதைக் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். இரண்டு மில்லிமீட்டர் கனம், நேரானது, வழவழப்பானது. துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். இந்தக் கம்பி அட்டையைத் தொடவே கூடாது. நடுவில் ஒரு காகிதக் குழல் வர வேண்டும்.

சாதாரண ஜெராக்ஸ் தாளிலிருந்து 30 செ.மீ.க்குக் கொஞ்சமும் குறையாமல் நீளமாகவும் ஒன்றரை செ.மீ. அகலமாகவும் ஒரு பட்டை எடுங்கள். தாள் நீளம் போதவில்லை என்றால் இரண்டு பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றலாம். ஸ்போக் கம்பியில் மெழுகுவர்த்தியை நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று பசையில்லாமல், அதன் பிறகு மெல்லிய ஃபெவிகால் தடவியபடி, கையால் உருட்டி இறுக்கிச் சுற்றிக்கொண்டே போங்கள். முடிவில் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே கனம் வரும். அரைமணி கழித்துக் கம்பியை ஒரு முறை திருகிவிடுங்கள், ஒட்டிக்கொள்ளாமலிருக்க. மறுநாள் கம்பியை உருவிவிட்டு, குழலின் இரண்டு வாயிலும் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் காகிதம் அதை உறிஞ்சி எலும்பு போல இறுகும். அப்போது முகத்தை அதன் மேலே கொண்டுபோக வேண்டாம், ஆவி கண்ணில் எரியும். பிறகு துளைக்குள் கொஞ்சம் மெழுகு தேய்த்து கம்பியைப் போட்டுச் சுழற்றிப் பாருங்கள். விரல் நுனியில் சுற்றிவிட்டால் தடையில்லாமல் சுழல வேண்டும்.

இரண்டு பக்கத் தகடுகளிலும் திமிலுக்கு நேர் கீழே, முன்விளிம்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே தள்ளி, குழல் இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குழலை ஒட்டுங்கள். துளையைச் சுற்றி ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இன்னோர் அட்டை வட்டம் ஒட்டினால் பலம் இரட்டிப்பாகும்.

தையற்கடையில் கிடைக்கும் டிச் பட்டனையும், பை தைக்கிறவர்கள் அடிக்கும் ஐலெட்டையும் பலர் மூட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள். உள்ளங்கை அளவு உருவத்துக்கு இரண்டுமே நல்லவை. பித்தளையில் இரண்டு காலை விரித்து மடக்கும் ஃபைல் பின்னை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் கூரான ஓரம் அட்டையை ரம்பம் போல அறுக்கும்.

கழுத்துச் சட்டத்தை அச்சுக்கம்பியோடு அசையாதபடி ஒட்டிவிட வேண்டும். கம்பிதான் குழல்களுக்குள் சுழல வேண்டும். ஏன் இப்படி? கழுத்து மட்டும் கம்பியின் மேல் சுழன்றால் அதற்குக் கிடைக்கும் பிடிப்பு கழுத்து அட்டையின் கனம் அளவுதான். தலை இடமும் வலமும் தள்ளாடும். கம்பி சுழன்றால் பிடிப்பு இரண்டு குழல்களுக்கும் இடைப்பட்ட ஐந்து சென்டிமீட்டர். தலை நேர்கோட்டில் ஆடும். கழுத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டிய வட்டங்களை வாஷராகப் போடுங்கள். கம்பியின் முனைகளைக் குறட்டால் மடக்கிவிட்டால் வேலை முடிந்தது.

தலையின் எடை

கழுத்துச் சட்டம் அச்சுக்கு முன்னால் 8 செ.மீ., பின்னால் 7 செ.மீ. இருக்கட்டும். தலை கூடாக இருக்க வேண்டும். கொம்புகளைத் தாளைக் கூம்பாகச் சுருட்டிச் செய்து, மேலே இரண்டு அடுக்கு பசைத்தாள் சுற்றினால் போதும்.

சீசா விளையாட்டில் பிள்ளைகள் கண்டுபிடிக்கும் கணக்குதான் இங்கேயும். தலையின் எடை 20 கிராம், அது அச்சிலிருந்து 9 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால் பெருக்கி வருவது 180. பின்னால் 6 செ.மீ. தூரத்தில் 30 கிராம் வைத்தால் அதுவும் 180. எட்டு மில்லிமீட்டர் போல்ட் ஒன்று, நாலு செ.மீ. நீளத்தில், இரண்டு நட்டோடு சேர்த்து கிட்டத்தட்ட 30 கிராம் வரும். போல்ட்டைச் சட்டத்தின் நீளவாக்கிலேயே வைத்து நூலால் இறுக்கிச் சுற்றி ஒட்டுங்கள். நட்டுகள் மட்டும் சுழல இடம் இருக்கட்டும். அவற்றை முன்னும் பின்னும் திருகித்தான் தலையைச் சமன் செய்யப்போகிறோம். நகைக்கடைத் தராசெல்லாம் தேவையில்லை. சமையலறை எடைக்கருவி போதும், அதுவும் இல்லாவிட்டால் கண்ணாலேயே செய்யலாம்.

இரண்டு பக்கமும் சரியாகச் சமன் ஆகிவிட்டால் தலை வைத்த இடத்திலேயே நின்றுவிடும், ஆடாது. தஞ்சாவூர் பொம்மை சொல்லித்தந்தது இப்போது உதவும். போல்ட்டைச் சட்டத்துக்கு அடிப்பக்கமாகக் கட்டினால் மொத்த எடையின் மையம் அச்சுக்குக் கீழே இறங்கும். சிறிது இறங்கினால் காளை நிதானமாகத் தலையசைக்கும். அதிகம் இறங்கினால் படபடவென்று ஆடி நின்றுவிடும். எனக்கு நிதானமான ஆட்டம்தான் பிடிக்கும். வாடிவாசலுக்கு உள்ளே நின்று வெளியே நோட்டம் விடும் காளையின் தலையசைப்பு அதில் வரும். ஆனால் நிதானம் கூடக்கூட உராய்வுக்கு இடம் தரக் கூடாது. குழலில் மெழுகு குறைந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

ஆட்டத்துக்கு எல்லை வைக்க வேண்டும். பின்சட்டத்தின் போல்ட் இருக்கும் இடத்துக்கு மேலே ஒன்றரை செ.மீ., கீழே ஒன்றரை செ.மீ. தள்ளிக் குறுக்கே இரண்டு மூங்கில் குச்சிகளை ஒட்டி, அவற்றில் துணி சுற்றுங்கள். தலை மொத்தம் 30 டிகிரி போல ஆடும். எந்தக் குழந்தை பிடித்து அழுத்தினாலும் அடி குச்சியில் விழும், அச்சில் விழாது.

சமன் பார்க்கும் வேலையை வண்ணம் பூசி, கொம்புக்குச் சிவப்புத் தடவி, கழுத்தில் சலங்கை கட்டிய பிறகே முடிக்க வேண்டும். வண்ணத்துக்கும் எடை உண்டு. சலங்கைக்கு நிறையவே உண்டு.

காலும் வாலும்

இடது முன்னங்காலைத் தோளில் அதே குழல் முறையில் மாட்டுங்கள். அதன் அச்சுக்கம்பியில், உடம்பின் உள்பக்கம், பின்னோக்கி நீளும் ஒரு சின்ன நெம்புகோல் ஒட்டி, அதன் நுனியிலிருந்து தூண்டில் நரம்பைக் கீழே இறக்கி, காளையை நிறுத்தும் அடிப்பலகையில் ஒரு துளை போட்டு அதன் வழியே விடுங்கள். நரம்பை இழுத்தால் நெம்புகோலின் பின்முனை தாழும், குளம்பு முன்னோக்கி எழும். விட்டால் காலின் கனமே அதைக் கீழே கொண்டுவரும்; குளம்புக்குள் ஒரு சிறு நட் வைத்தால் இன்னும் நன்றாக விழும். ரப்பர் பேண்ட் போட்டு இழுக்க நினைப்பவர்களுக்கு: மதுரை வெயிலில் அது சீக்கிரமே இளகி அறுந்துவிடும்.

கால் தூக்கியதும் காளை மூன்று காலில் நிற்கிறது. முன்பாரம் அதிகம் என்பதால் இடது முன்பக்கமாகச் சாயும். அதைத் தடுக்க எடை வைக்க வேண்டிய இடம் தூக்கிய காலுக்கு மூலைக்கு எதிர்மூலை, அதாவது வலது பின்னங்காலுக்கு மேலே. இடது பின்னங்கால் பக்கம் எவ்வளவு மணல் வைத்தாலும் பயனில்லை. சின்னத் துணிப்பையில் ஆற்றுமணலை நிரப்பி உள்ளே வைத்து, காலைத் தூக்கி, முதுகில் விரலால் தட்டிப் பாருங்கள். சாயாத அளவுக்கு மணல் வந்ததும் பையைத் தைத்து ஒட்டிவிடுங்கள்.

வாலுக்கு நீண்ட முக்கோணத் தாள்களை ஈர்க்குச்சியில் சுருட்டி மணிகளாக்கி, நரம்பில் கோத்தால் போதும். நுனியில் கறுப்பு நூல் குஞ்சம்.

தோலும் வண்ணமும்

செய்தித்தாளை இரண்டு விரல் அகலப் பட்டைகளாகக் கையால் கிழியுங்கள். கத்தரித்த ஓரம் மேடாகத் தெரியும், கிழித்த ஓரம் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஓர் அடுக்கு நெடுக்கில், அடுத்தது குறுக்கில் என நான்கு அடுக்குகள். இரண்டு அடுக்குக்கு ஒரு முறை காய விடுங்கள். சித்திரை வெயிலில் வைத்தால் வெளித்தோல் சட்டென்று காய்ந்து சுருங்கி எலும்புக்கூட்டையே முறுக்கிவிடும். நிழலில், ஃபேன் காற்றில் காயட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓர் அடுக்கு காய இரண்டு நாள்கூட ஆகலாம். அவசரப்பட்டு மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவே தோல் ஒட்டக் கூடாது. அந்த இடைவெளியை மறைக்க அடியில் மல் துணியில் அலைதாடி, மேலே ஒரு துண்டு. இரண்டையும் உடம்போடு தைத்து, கழுத்தின் மேல் தளர்வாகக் கிடக்க விடுங்கள்.

வண்ணத்துக்கு முன் சாக் பவுடரில் ஃபெவிகால் குழைத்து இரண்டு கை பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட வேண்டும். இந்தப் பூச்சு வேலையைக் கண்ணால் பார்த்துக் கற்க விரும்பினால் திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்திலுள்ள விளாச்சேரிக்கு நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் போய்வாருங்கள். கொலு பொம்மைகளுக்கு முகம் எழுதும் கைகளை அப்போது தெருவுக்குத் தெரு பார்க்கலாம். கண் வரைவதை அவர்கள் கடைசிக்கு வைத்துக்கொள்வது ஏன் என்று அங்கே நின்று பார்த்தால் புரியும். புலிக்குளம் காளைக்கு உடம்பு கருஞ்சாம்பல். திமிலையும் கழுத்தையும் இன்னும் கறுப்பாக்குங்கள். மேலே வார்னிஷ் ஒரு பூச்சு.

வைத்திருக்கும் முறை

மாவுப் பசை இருக்கும் இடத்தைத் தேடி ராமபாணப் பூச்சி வரும். அலமாரியில் நாப்தலின் உருண்டை வையுங்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். வருடத்துக்கு ஒரு முறை, மாட்டுப் பொங்கலுக்கு முந்தைய நாள் வசதியாக இருக்கும், வயிற்றுக் கதவைத் திறந்து நட்டுகளையும் நூல்கட்டையும் பாருங்கள், அச்சில் மெழுகு தேயுங்கள். தலை பக்கவாட்டில் ஆடத் தொடங்கியிருந்தால் குழல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கம்பியின் மடக்கிய முனை ஒன்றை நிமிர்த்தி, கழுத்துச் சட்டத்தோடு ஒட்டியதை விடுவித்துக் கம்பியை உருவி, பழைய குழலைக் குடைந்தெடுத்து, அதே துளையில் புதுக் குழலை ஒட்டி, ஓர் இரவு காய்ந்ததும் கம்பியைத் திரும்பப் போட்டுச் சட்டத்தோடு ஒட்டிவிடலாம்.